டப்பாப் பூசணி: பை, சீஸ்கேக் செய்ய எதை வாங்குவது?

செங்காங் ஷீலா

நவம்பர் நான்காம் வியாழன் அலுவலகத்தில் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றித் திருநாள்) சாப்பாடு. எங்கள் குழுவில் அமெரிக்கர்கள் சிலர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு பண்டம் என்று பேச்சு. பூசணி பையும் (மாவு ஓட்டில் பூசணிக் கலவையை ஊற்றி ஓவனில் சுடுவது) பூசணி சீஸ்கேக்கும் என் தலையில் விழுந்திருக்கின்றன.

இங்கே சிங்கப்பூரில் கடையில் மூன்று விதமான டப்பா பார்த்தேன். ஒன்றில் வெறும் பூசணி என்று இருக்கிறது. பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே படத்தோடு ‘பை மிக்ஸ்’. மூன்றாவது இயற்கை விவசாயப் பூசணியாம், விலை கூடுதல். எதை எடுப்பது? எந்த பிராண்ட் நல்லது? இரண்டு பண்டத்துக்கும் ஒரே டப்பா சரிப்படுமா? என்னிடம் இருப்பது மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்தான்.

மாமியார் வேறு, “தேக்காச் சந்தையில் பரங்கிக்காய் குவிந்து கிடக்கிறது, டப்பாவுக்கு எதற்குக் காசைக் கொட்டுகிறாய்?” என்கிறார். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசு

லிபீஸ். வெறும் பூசணி டப்பா. பை மிக்ஸ் வேண்டாம். அவ்வளவுதான்.

மாவுக்கை மாலதி

வாசு சொன்னது சரி. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை கடையில் அந்த பிராண்ட் தீர்ந்துபோயிருந்தாலும் தடுமாற மாட்டீர்கள், ஷீலா.

டப்பாவைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். பூசணி என்று மட்டும் இருந்தால் எடுங்கள். சர்க்கரை, உப்பு, மசாலா என்று நீண்டால் அது பை மிக்ஸ். கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. இனிப்பு எவ்வளவு, பட்டை கிராம்பு எவ்வளவு என்பதை டப்பா அடைத்தவரே முடிவு செய்துவிட்டார், அதுதான் சிக்கல். சீஸ்கேக்கில் அதைக் கொட்டினால், உங்கள் சர்க்கரையும் சேர்ந்து திகட்டிவிடும். போட்டதை எடுக்கவும் முடியாது.

அடுத்தது தண்ணீர். பிராண்டுக்கு பிராண்ட் வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான். கெட்டியான டப்பாவைத் திறந்து தட்டில் கவிழ்த்தால் மசியல் டப்பாவின் வடிவத்திலேயே பொத்தென்று விழுந்து நிற்கும். அதன்மேல் கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாது. தளர்ந்த ரகத்தில் மூடியைத் திறந்ததும் மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும், கவிழ்த்தால் தட்டு முழுக்க ஓடும். லிபீஸ் கெட்டி ரகம். அமெரிக்காவில் விற்கும் டப்பாப் பூசணியில் மிகப் பெரும்பங்கு அவர்களுடையதுதான். அதனால் அங்கே எழுதப்படும் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் அந்தக் கெட்டியைக் கணக்கில் வைத்தே எழுதப்படுகின்றன. குறிப்பில் உள்ளபடி செய்யப்போகிறவருக்கு அதுவே வம்பில்லாத வழி.

இயற்கை விவசாய வகையில் ஆரிகன் மாநிலத்து ‘ஃபார்மர்ஸ் மார்க்கெட்’ ஐஹெர்ப் தளத்தில் கிடைக்கும். அதிலும் பூசணியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். வேறு சாமான்களோடு சேர்த்து வாங்கினால் சரி, இதற்காக மட்டும் தருவிப்பது வீண்.

அளவு: சின்ன டப்பா 425 கிராம், அதாவது 15 அவுன்ஸ், ஏறக்குறைய ஒன்றே முக்கால் அமெரிக்கக் கப். பைக்கு ஒன்று. சீஸ்கேக்குக்கும் பல குறிப்புகளில் ஒன்று கேட்கும். 822 கிராம் பெரிய டப்பா கண்ணில் பட்டால் இரண்டுக்கும் சேர்த்து அதை எடுத்துவிடலாம்.

தேக்கா தம்பி

எல்லாரும் டப்பா டப்பா என்கிறீர்கள். நான் ஷீலா அக்காவின் மாமியார் கட்சி.

ஈரச்சந்தையில் காய் கீற்றாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே என்ன நிறம், எவ்வளவு சதை என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தால்தானே தெரியும்? வீட்டில் ஆவியில் வேகவைத்து மசித்தால் கால் மணி நேர வேலை. விலையும் டப்பாவைவிடக் குறைவு. டப்பாவில் அடைத்துச் சூடேற்றியதற்கென்று ஒரு வாடை உண்டு, எவ்வளவு பட்டை போட்டாலும் எனக்கு அது தெரியும்.

கொடிவேர்

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன், அதனால் கொஞ்சம் நீளும்.

நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நிறுத்தியிருப்பது ஒரே குடும்பத்துக் காய். லிபீஸ் டப்பாவில் இருப்பது ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற பூசணி இல்லை. அது குக்குர்பிட்டா பெப்போ என்ற வேறு இனம். நாரும் தண்ணீரும் மிகுந்தது, சுவை குறைவு. டப்பாவுக்குப் போவது டிக்கின்சன் என்ற ரகம். வெளியே வெளிர்பழுப்புத் தோல், உள்ளே கெட்டியான ஆரஞ்சுச் சதை. இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற ஊரில் ஆலை இருக்கிறது, அந்த வட்டாரத்து வயல்களிலேயே காய் விளைகிறது. டிக்கின்சனின் இனம் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. பேரங்காடியில் நாம் பார்க்கும் பட்டர்நட்டும் அதே இனம். தமிழ்நாட்டில் சாம்பாருக்கும் கூட்டுக்கும் போடும் பரங்கியும் பெரும்பாலும் அதே இனம்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-1, கோ-2 ரகங்கள் மொஸ்காட்டாவே.

இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பொன்னிறச் சதையும் இனிப்பும் உள்ள ஸ்குவாஷ் (பூசணிக் குடும்பத்துக் காய்) வகைகளைப் பூசணி என்று டப்பாவில் குறிப்பிட்டால், அதற்காக மட்டும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1938 முதலே சொல்லிவருகிறது.

ஒரே வட்டாரத்து மழையை நம்பியிருப்பதால் சில ஆண்டுகளில் டப்பா கிடைக்காமலும் போகும். 2009இல் அறுவடை நேரத்தில் மழை கொட்டி வயலெல்லாம் சேறாகி, அமெரிக்காவிலேயே கடைகளில் தட்டுப்பாடு வந்தது.

தேக்கா தம்பி

ஆக நம்ம பரங்கியின் பங்காளியைத்தான் கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்கிறார்கள். சார் வாயாலேயே வந்துவிட்டது. அக்கா, மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

மாவுக்கை மாலதி

தம்பி, அவசரப்படாதீர்கள். இனம் ஒன்று என்பதால் காயும் ஒன்றாகிவிடாது. டப்பாவுக்குப் போகும் காயை முற்ற விட்டு, சதை கெட்டியான ரகமாகப் பார்த்துப் பயிரிடுகிறார்கள். சந்தைக்கு வருவதில் இளசும் முற்றலும் கலந்திருக்கும். குழம்புக்கு அது பரவாயில்லை, கொதிக்கிற குழம்பில் தண்ணீர் கூடுதலாக விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பை அப்படி இல்லை. முட்டையும் பாலும் பூசணியும் சேர்ந்து உறைய வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் நடுவில் உறையாது, அடிமாவு நமுத்துப்போகும்.

அப்புறம் அந்தக் கால் மணி நேரக் கணக்கு. தோல் சீவி, விதை எடுத்து, வேகவைத்து, மசித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு வடிய வைக்க எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் இரண்டு பண்டம் செய்கிறவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

புதுக்காய்தான் வேண்டும் என்றால் பரங்கிக்கு முன்னால் கபோச்சாவைப் பார்க்கச் சொல்வேன். தடித்த கரும்பச்சைத் தோல், உள்ளே முட்டை மஞ்சள் நிறச் சதை. ஜப்பானியப் பூசணி என்று எழுதியிருப்பார்கள். மாவுத்தன்மை அதிகம், இனிப்பும் அதிகம், தண்ணீர் குறைவு. சீஸ்கேக்குக்கு என் கணக்கில் டப்பாவைவிட இதுவே ஒரு படி மேல். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான காய் ஒரு சின்ன டப்பாவுக்கு ஈடாகும். ஆனால் பைக்கு இதை அப்படியே போட்டால் வறண்டு, வாயில் மாவாக நிற்கும். மசிக்கும்போது இரண்டு மூன்று கரண்டி பால் விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

செங்காங் ஷீலா

மாமியாரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லப்போவதில்லை 😄

மாலதி அக்கா, தளர்ந்த டப்பாவே கையில் மாட்டினால் என்ன செய்வது? கடையில் போய்க் கவிழ்த்தா பார்க்க முடியும்?

மாவுக்கை மாலதி

முடியாதுதான். ஆனால் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது.

சீஸ்கேக்குக்கு அடுப்பே வேண்டாம். பெரிய தட்டில் சமையல் காகிதத் துண்டை மூன்று அடுக்கு விரியுங்கள். மசியலைத் தோசை ஊற்றுவதுபோல் மெல்லிசாகப் பரப்பி, மேலேயும் காகிதம் போட்டு உள்ளங்கையால் மெதுவாக ஒற்றுங்கள். காகிதம் மஞ்சளாக ஊறிக் கனத்துவிடும். மேல் காகிதத்தை உரித்தால் மசியல் ஒட்டாமல் ஒரே ஏடாகப் பிரிந்து வரும். அந்த நிலை வந்தால் போதும். வரவில்லை என்றால் காகிதத்தை மாற்றி இன்னொரு முறை.

பைக்கு அடுப்பில் வற்றவைப்பது நல்லது. அடிகனமான வாணலியில் மசியல், சர்க்கரை, உப்பு, பட்டைத்தூள், சுக்குத்தூள், கிராம்புத்தூள் எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரத் தீயில் கிளறுங்கள். முதலில் சேற்றுக் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், நீளமான கரண்டியாக எடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் நிறம் ஒரு சுற்று கருத்து, பளபளப்பு வரும். கரண்டியை அடியில் இழுத்தால் வாணலி தெரிந்து, மெதுவாகத்தான் மூடும். தம்பி சொன்ன டப்பா வாடையும் இதில் போய்விடும். இந்த ஒரு வேலையைச் செய்தால் எந்த பிராண்ட் என்ற கேள்விக்கே பாதி அவசியம் இல்லை. கெட்டி ரகத்துக்கும் நான் இதைச் செய்வேன்.

சூடு ஆறும்முன் முட்டையைச் சேர்த்துவிடாதீர்கள், திரிந்துவிடும்.

உட்லண்ட்ஸ் வாசு

லிபீஸ் டப்பாவின் மேலேயே குறிப்பு இருக்குமே. 1950 முதல் அச்சிட்டு வருகிறார்கள். ஒரு டப்பா பூசணி, ஒரு டப்பா எவாப்பரேட்டட் பால் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்), இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, மசாலா. கலக்கி ஊற்றினால் முடிந்தது. இதற்குக் காகிதம், வாணலி எல்லாம் தேவையா?

மாவுக்கை மாலதி

தேவையில்லை வாசு, அந்தக் குறிப்பு நன்றாகவே வரும். முதல் முறை செய்கிறவர் அதையே செய்யலாம். நான் சொன்னது இன்னும் ஒரு படி ஏற்ற நினைப்பவருக்கு.

கோப்பி சி கொசோங்

பால் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் எவாப்பரேட்டட் பால் என்ற பெயரில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் பல, பால்கொழுப்புக்குப் பதில் பாமாயில் சேர்த்தவை. கோப்பி சிக்கு, அதாவது இந்தப் பால் ஊற்றிய நம்மூர்க் காப்பிக்கு, அது போதும். பைக்கு முழுக்கொழுப்புப் பால் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். அமெரிக்கக் குறிப்பில் 12 அவுன்ஸ் என்றால் 354 மில்லிலிட்டர். இங்கே 390 கிராம் என்று போட்டிருக்கும் டப்பா ஏறக்குறைய அதே அளவுதான், அப்படியே ஊற்றலாம். பக்கத்துத் தட்டில் இருக்கும் கண்டென்ஸ்ட் பாலை மட்டும் மாற்றி எடுத்துவிடாதீர்கள், அது முழுக்கச் சர்க்கரை.

சின்ன ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருக்கும். டப்பாக் குறிப்பில் உள்ளதைச் செல்சியஸில் சொன்னால், முதல் 15 நிமிடம் 220 டிகிரி, பிறகு 175க்கு இறக்கி 40 முதல் 50 நிமிடம். பைத் தட்டை ஓவனின் அடித்தட்டுக்கு இறக்குங்கள். ஓரம் சிவந்ததும் அலுமினியத் தாளால் ஓரத்தை மட்டும் மூடுங்கள். நடுவில் லேசாகத் தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், ஆற ஆறக் கெட்டிப்படும்.

பீஷான் பைரவன்

இந்த டப்பாவை நான் வாங்குவது என் நாய்க்கு. வயிறு சரியில்லாத நாளில் சாப்பாட்டில் ஒரு கரண்டி கலந்து கொடுப்பேன். கடையில் பூசணி டப்பா தீர்ந்துபோவதற்கு என்னைப் போன்றவர்களும் காரணம், மன்னிக்கவும். நாய்க்கும் வெறும் பூசணிதான், பை மிக்ஸ் கூடவே கூடாது. அதில் சேரும் சாதிக்காய் நாய்க்கு ஆகாது.

அம்மாச்சி கைப்பக்குவம்

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், நம் சமையலுக்கு இது ஆகுமா ஆகாதா என்று ஒருவரும் சொல்லவில்லையே, பிள்ளைகளா.

கூட்டு, எரிசேரி, சாம்பார், பால்கூட்டு இவற்றுக்கு டப்பா ஆகாது. துண்டு துண்டாக வாயில் அகப்பட வேண்டிய காய் கூழாகக் கரைந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது? அதற்குத் தேக்காதான், தம்பி சொன்னதுபோல் வெட்டி வைத்த கீற்றாகப் பார்த்து வாங்குங்கள். சதை ஆழ்ந்த ஆரஞ்சாக இருக்க வேண்டும். விதை தடித்து, தோல் நகத்துக்கு அசையாமல் இருந்தால் முற்றல். விதையைச் சுற்றி ஈரம் கோத்து, வழுவழுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆனால் அல்வாவுக்கு டப்பா அருமை. துருவ வேண்டாம், வேகவைக்க வேண்டாம். ஒரு சின்ன டப்பா மசியலை முதலில் இரண்டு கரண்டி நெய்யில் தண்ணீர் சுண்டும்வரை கிளறுங்கள். அப்புறம்தான் சர்க்கரை, 150 கிராம் போதும். முதலிலேயே சர்க்கரை போட்டால் இளகிக்கொண்டு நேரம் இழுக்கும். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, ஓரத்தில் நெய் பிரியும்போது ஏலக்காய், வறுத்த முந்திரி போட்டு இறக்குங்கள். குங்குமப்பூ, கேசரிப்பவுடர் எதுவும் வேண்டாம், அந்த நிறமே போதும். தீபாவளிக்கு வந்தவர்கள் கேரட் அல்வா என்று நினைத்துச் சாப்பிட்டார்கள், நானும் திருத்தவில்லை.

இதை வைத்துக் காசி அல்வா செய்யலாமா என்று என் பேத்தி கேட்டாள். அது வெள்ளைப் பூசணியின் துருவலில் செய்வது. இதில் வராது.

ஈசூன் இடியாப்பம்

அம்மாச்சி, பாண்டான் (ரம்பை) இலையும் குலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) போட்டு இதே மசியலில் மலாய்க்காரர்கள் செய்யும் பிங்கா லாபு என்ற பூசணிக் கேக் கிடைத்தால் சாப்பிட்டுப் பாருங்கள். பையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மாவு, முட்டை, தேங்காய்ப்பாலோடு பூசணி. அடிமாவு தேய்க்கிற வேலையே கிடையாது.

எனக்கும் ஒரு கேள்வி. கபோச்சா மலிவாகக் கிடைக்கும்போது நிறைய வாங்கி, மசித்து, ஊறுகாய் போடும் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுத்தால் வீட்டிலேயே டப்பாப் பூசணி தயார்தானே? அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாமா?

கொடிவேர்

வேண்டவே வேண்டாம். இது விளையாட்டில்லை.

ஊறுகாயில் புளிப்பும் உப்பும் காவல் காக்கின்றன. பூசணியில் புளிப்பு இல்லை. காற்றுப் புகாத புட்டிக்குள் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர அது தோதான இடம். அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீருக்கு மசியாது, நீராவி அழுத்தத்தில் கிடைக்கும் கூடுதல் வெப்பம் வேண்டும். மசியல் கெட்டியாக இருப்பதால், பிரஷர் கேனரில் (புட்டி அடைப்பதற்கான நீராவி அழுத்தப் பாத்திரம்) வைத்தாலும் சூடு நடுவரை ஒரே சீராகப் போகும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பூசணி மசியலை வீட்டில் புட்டியில் அடைக்காதீர்கள், துண்டுகளாக மட்டும், அதையும் பிரஷர் கேனரில்தான் அடைக்கலாம் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. கெட்டுப்போனது வாசனையிலோ நிறத்திலோ தெரியாமலும் போகலாம்.

உறையவையுங்கள். ஜிப் பையில் ஒரு கப் அளவு போட்டு, தட்டையாக அழுத்தி, காற்றை வெளியேற்றி மூடினால் உறைபெட்டியில் பல மாதம் இருக்கும், இடமும் அடைக்காது. உருகும்போது தண்ணீர் பிரியும், மாலதி சொன்ன காகித வேலை அப்போது உதவும்.

செங்காங் ஷீலா

இந்த வாரம் லிபீஸ் இரண்டு டப்பா வாங்கி வைத்துவிடுகிறேன். கோல்ட் ஸ்டோரேஜ் பேரங்காடியில் காய்கறி டப்பா வரிசையில் தேடாதீர்கள், நான் பார்த்த கிளையில் கேக் மாவு, சாக்லெட் இருக்கும் வரிசையில்தான் அடுக்கியிருந்தார்கள். சீஸ்கேக் கபோச்சாவில். பரங்கியில் பால்கூட்டு, அது மாமியாருக்கு.

சீஸ்கேக் கபோச்சாவுக்குப் போனால் ஒரு டப்பா மிஞ்சுமே, திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? முட்டை சாப்பிடாத ஒருவரும் குழுவில் இருக்கிறார்.

மாவுக்கை மாலதி

திறக்காத டப்பாவுக்கு அவசரமே இல்லை, தேதியைப் பார்த்து அலமாரியில் வையுங்கள். உப்பியிருந்தால் மட்டும் திறக்காமலே எறிந்துவிட வேண்டும். திறந்ததை டப்பாவிலேயே விடாமல் மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள்.

முட்டை சாப்பிடாதவருக்கு மஃபின் செய்யுங்கள். ஒரு முட்டைக்குக் கால் கப் மசியல் என்று மாற்றிக்கொள்ளலாம். ஈரப்பதம் நிற்கும், ஆனால் முட்டை போட்டதைப்போல் எழும்பாது, அதனால் சின்ன மஃபின்தான் சரி, பெரிய கேக்காக ஊற்ற வேண்டாம்.

அம்மாச்சி கைப்பக்குவம்

அதற்கும் மேல் மிஞ்சினால் சப்பாத்தி மாவில் போட்டுப் பிசை, கண்ணு. இரண்டு கப் கோதுமை மாவுக்கு அரை கப் மசியல், உப்பு, ஓமம், கொஞ்சம் மிளகாய்த்தூள். தண்ணீரை முதலில் விடாதே, மசியலிலேயே பாதி மாவு சேர்ந்துவிடும், தேவைப்பட்டால் தெளித்துக்கொள். பிசைந்ததும் தேய்த்துவிடு, ஊறவைத்தால் இளகிக் கல்லில் ஒட்டும்.